மாமனார் கேட்ட மஞ்சள் பூ

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருஷத்தில் என் மாமனார் என்னிடம் நேரடியாகப் பேசிய வார்த்தைகளை ஒரு போஸ்ட் கார்டில் எழுதி, மிச்ச இடத்தில் விலாசமும் எழுதிவிடலாம்.

மனிதர் கெட்டவர் இல்லை ஸார். எங்களுடையது காதல் கல்யாணம், அவ்வளவுதான். அவர் காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ரிடையர் ஆனவர். குரோம்பேட்டையிலிருந்து, அதுவும் மாதச் சம்பளம் இல்லாமல் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற ஒரு பி.காம். வந்து தன் பெண்ணைக் கட்டிக்கொண்டு போவான் என்று அவர் எந்த வருஷ பட்ஜெட்டிலும் ஒதுக்கீடு செய்து வைத்திருக்கவில்லை. ஆகவே எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் 'த்ரூ ப்ராப்பர் சேனல்'.

நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் மகளைப் பார்த்துச் சொல்வார்: "அவரு காப்பி குடிக்கறாரான்னு கேளு."

மகள் என்னைக் கேட்பாள். நான் "குடிக்கிறேன்" என்று மகளிடம் சொல்வேன். "குடிக்கறாராமாப்பா" என்று அவள் அவரிடம் சொல்வாள். காப்பி வரும். அரசாங்க ஆபீஸில்கூட ஃபைல் இவ்வளவு மரியாதையாக நகராது.

இப்படிப்பட்டவர், 2024 பொங்கலுக்கு நாங்கள் போயிருந்தபோது, போகியன்று காலையில் என்னைப் பார்த்து, சாட்சாத் என் கண்ணைப் பார்த்து, நடுவில் யாரும் இல்லாமல் சொன்னார்:

"மாப்பிள்ளை, இட்டேரிப் பக்கம் போயி ஒரு பை ஆவாரம்பூ பறிச்சுட்டு வந்துருங். பொழுதோட காப்புக் கட்டோணும். எனக்கும் கொஞ்சம் சேத்தி வேணும்."

எனக்கு பத்மஸ்ரீ கொடுத்தால்கூட அப்படி எழுந்து நின்றிருக்க மாட்டேன். "சரிங்க மாமா!" என்று மஞ்சப்பையை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டிய பிறகுதான், ஒரு சின்னப் பிரச்னை ஞாபகத்துக்கு வந்தது.

ஆவாரம்பூ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சிரிக்காதீர்கள். இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு விஷயம். ஒன்று, அது மஞ்சளாக இருக்கும். இரண்டு, 1992-ல் அந்தப் பெயரில் பரதன் டைரக்ட் செய்த ஒரு தமிழ்ப் படம் வந்தது. (அவரே முதலில் மலையாளத்தில் எடுத்ததன் மறுபதிப்பு அது. மலையாளப் படத்தின் பெயர் 'தகர'. கதாநாயகன் பெயரும் அதுதான். தகர என்றால் மலையாளத்தில் தகரைச் செடி. ஆவாரைக்கு ஒன்றுவிட்ட தம்பி. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டுகிற வழியில் படமே செடி மாறிவிட்டது! நான் மாறியதில் என்ன அதிசயம்?)

கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் காப்புக் கட்டு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவாரம்பூ, வேப்பிலை, வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போல இருக்கும் பூளைப்பூ எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கொத்தாகக் கட்டி, போகியன்று வீட்டு வாசலில், இறவாணத்தில், மாட்டுக் கொட்டகையில், காட்டில் என்று எல்லா இடத்திலும் சொருகுவார்கள். கெட்டது எதுவும் உள்ளே வராமலிருக்க. டவுன் மார்க்கெட்டில் கட்டாகவே விற்கிறார்கள். "காட்டுல சும்மா கெடக்கறதுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?" என்பது என் மாமியாரின் பொருளாதாரக் கொள்கை.

நியாயமாக நான் மனைவியிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் முதல் நாள்தான் காரில் வரும்போது, நெடுஞ்சாலையின் நடுவில் புதர் புதராகப் பூத்திருந்த மஞ்சள் பூவைக் காட்டி, "உங்க ஊர் எல்லை வந்தாச்சு, ஆவாரம்பூ பார்" என்று சொல்லி மாட்டிக்கொண்டிருந்தேன். அது மணி மணியாக, குழாய் மாதிரி இருக்கும் பூ. அழகுக்காக ஹைவேக்காரர்கள் வைத்தது. சொந்த ஊர் அமெரிக்கா. அவள் சிரித்த சிரிப்பு அடுத்த டோல்கேட் வரை நீடித்தது. மறுபடி போய்க் கேட்க முடியுமா?

செடியைப் படம் பிடித்துக் காட்டினால் பெயர் சொல்லும் ஆப் ஒன்று செல்போனில் இருந்தது. இட்டேரியில் சிக்னல் இல்லை.

இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டிப்பாதை. வேலிக்கு அந்தப் பக்கம் கொறங்காடு. கிளுவையை வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமுமாக மாட்டுக்கென்றே விட்டுவைத்த மேய்ச்சல் நிலம். காங்கேயம் காளை உருவாவது இந்தப் புல்லைத் தின்றுதான். மழை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்ததால் எல்லாம் பச்சையாக இருந்தது. இட்டேரி வாய்க்காலைத் தொடுகிற இடத்தில், குப்பை கொட்டும் மேட்டையொட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு செடிக் கூட்டம். மஞ்சள் பூ. ஐந்து இதழ். ஆவாரம்பூவேதான்!

சந்தோஷமாகப் பறித்தேன். பூவை மட்டும் பறிக்கிறதா, கொத்தோடு பறிக்கிறதா என்று தெரியாததால் கிளையோடு ஒடித்தேன். கையெல்லாம் ஒரு மாதிரி நாற்றம். மூலிகை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். முக்கால் பை நிறைந்தது.

திரும்பும்போது ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி எதிர்ப்பட்டார். எண்பது வயசு இருக்கும். கையில் தொரட்டி.

"பையில என்ன கண்ணு?"

"ஆவாரம்பூ பாட்டி. காப்புக் கட்ட."

பாட்டி பைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு இலையைக் கசக்கி மோந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு மாப்பிள்ளை?"

"மெட்ராஸ்."

"அதானே! இது பேயாவரை கண்ணு. பேயி பிசாசு அண்டாம இருக்கோணும்னுதான் காப்பே கட்டறது. நீ பேயவே பறிச்சுப் பையில போட்டுட்டு வந்திருக்கற."

ஆடுகள்கூடச் சிரித்த மாதிரி இருந்தது.

பாட்டி அதோடு விடவில்லை. தொரட்டியால் வழி காட்டி, வாய்க்காலை விட்டுத் தள்ளி, சுக்கான் கல்லும் மண்ணுமாகக் காய்ந்து கிடந்த ஒரு மேட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே தண்ணீர் வசதி என்று எதுவும் கிடையாது. ஆனால் நாலைந்து புதர்கள், ஆள் உயரத்துக்கு, உச்சியெல்லாம் பூவாக நின்றுகொண்டிருந்தன. என் பைக்குள் இருந்ததைப் பார்த்தேன். இதைப் பார்த்தேன். இரண்டும் மஞ்சள்தான். இரண்டுக்கும் ஐந்து இதழ்தான்.

"பூவப் பாக்காதே. இந்தக் காட்டுல பாதிச் செடிக்கு மஞ்சப் பூத்தான். காதப் பாரு."

"காதா?"

ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். இலைக் காம்பு தண்டில் சேருகிற இடத்தில், இரண்டு பக்கமும் வட்டமாக ஒரு குட்டி இலை, அப்படியே காது மாதிரி தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இலைக்கும் அடியில் அதே மாதிரி. பேயாவரைக் கிளையை எடுத்துப் பார்த்தேன். அந்த இடம் மொட்டை. காது இல்லை.

ஒரு தரம் பார்த்துவிட்டால் மற்ற வித்தியாசமெல்லாம் தானாகவே கண்ணில் படுகிறது. ஆவாரையில் ஒரு காம்புக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடி சிற்றிலைகள், நுனி மழுங்கி, சின்னச் சின்னதாக. பேயாவரையில் நாலைந்து ஜோடிதான், பெரிசாக, நுனி கூராக. ஆவாரையின் காய் தட்டை. கசங்கிய பழுப்புக் காகிதத்துக்குள் விதைகளை வரிசையாக வைத்து ஒட்டின மாதிரி. பேயாவரையின் காய் ஒல்லியாக, நீளமாக, கொஞ்சம் மேல்நோக்கி வளைந்து தடிப்பாக இருக்கிறது. கசக்கினால் நாற்றம் பேயாவரைக்குத்தான். இந்த இரண்டையும் விட்டால் தகரை என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு மூன்றே ஜோடி இலை. தகரையையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த மாமனார் எப்போது எதைக் கேட்பார் என்று யார் கண்டது?

அப்புறம் வீட்டுக்கு வந்து, சிக்னல் கிடைத்து, படித்துப் பார்த்தால் ஆச்சரியம். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-ல் இந்தச் செடிக்கு வைத்த லத்தீன் பெயரில் 'ஆரிகுலேட்டா' என்று வருகிறது. அர்த்தம், காதுள்ளது. ஸ்வீடன்காரரும் காங்கேயத்துப் பாட்டியும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் பி.காம். படித்த நான்தான் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பேயாவரைக்குச் சொந்த ஊர் இது இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குப்பைமேடு கண்ட இடமெல்லாம் குடியேறிவிட்டது. ஆவாரை இந்த மண்ணின் செடி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற தொண்ணூற்றொன்பது பூக்களில் 'ஆவிரை'யும் ஒன்று. ஆந்திராவைப் பிரித்துத் தெலங்கானா ஆனபோது அவர்கள் இதைத்தான் தங்கள் மாநில மலராக வைத்துக்கொண்டார்கள். அங்கே பெயர் தங்கேடு. பதுகம்மா பண்டிகைக்கு இந்தப் பூ இல்லாமல் ஆகாது.

இன்னொரு விஷயம், குரோம்பேட்டைக்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. அந்தக் காலத்தில் தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலே ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தது. பட்டையை ஊறவைத்து, அந்தச் சாற்றில் தோலைப் போடுவார்கள். அப்புறம் குரோமியம் வந்தது. குரோம் லெதர் கம்பெனி வந்தது. அதன் பெயரில் என் ஊரே வந்தது. ஆவாரைக்குப் போட்டியாக வந்த சரக்கின் பெயரைச் சுமக்கிற ஊரில் பிறந்தவனுக்கு ஆவாரை தெரியாமல் போனது பொருத்தம்தான், இல்லையா?

பாட்டி ஆடுகளோடு போய்விட்டார். நான் பேயாவரையைக் கொட்டிவிட்டு, கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, காது பார்த்துக் காது பார்த்து ஒவ்வொரு கொத்தாகப் பறித்தேன். கட்டைவிரல் தண்டி ஒரு கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்து 'ட்ர்ர்ர்' என்று ஒரு உதறு உதறும், அடுத்த பூவுக்குப் போகும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பையின் நுனியில் சின்ன ஓட்டைதான். உப்பு ஜாடியை உதறுகிற மாதிரி உதறினால்தான் தூள் கொட்டும். வண்டுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ?

சங்க காலத்தில், காதலித்த பெண்ணைக் கட்டிக்கொடுக்காவிட்டால், பையன் பனை மட்டையில் செய்த குதிரை மேல் ஏறித் தெருவில் வருவானாம். கழுத்தில் ஆவிரையும் பூளையும் எருக்கும் கட்டின மாலை. மடலேறுதல் என்று பெயர். பையில் ஆவாரை, வழியில் பறித்த பூளை இரண்டையும் ஏந்திக்கொண்டு மாமனார் வீட்டுத் தெருவில் நான் நடந்து வந்தபோது, எருக்கு மட்டும்தான் குறை. எட்டு வருஷம் லேட்.

பூவைப் பார்த்ததும் மாமனார் தலையை ஆட்டினார். அதுவே பெரிய விஷயம். நான் அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் காப்புக்குப் போக மிச்சப் பூவை மாமியார் ஒரு பழைய வேட்டியில் நிழலாகக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு அத்தை?"

"மாமாவுக்குங் மாப்பிள்ளை. டீயாட்ட வெச்சுக் குடிக்கறாரு. மூணு வாரமாச்சுங். கடையில வாங்கின பொடி தீந்து போச்சு. சர்க்கரை நல்லாக் கொறைஞ்சிருக்குதாமா."

"எங்கே டெஸ்ட் பண்ணினார்?"

"டெஸ்டெல்லாம் எதுக்குங்? ஒடம்பு லேசா இருக்குதுங்கறாரு."

மாமனாருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. எனக்கு எங்கேயோ இடித்தது. மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது செல்போன் சார்ஜர் தேடுகிற சாக்கில் மாடத்தைப் பார்த்தேன். மாத்திரை அட்டைகள். கூடவே மருந்துக் கடை பில். ஸார், நான் தாவரவியலில் பூஜ்யம். ஆனால் ஸ்டாக் வெரிஃபிகேஷன் என்று ஒன்று உண்டே, அது என் ஏரியா!

பில் தேதி டிசம்பர் 10. வாங்கியது பதினைந்து மாத்திரை அட்டை ஆறு, மொத்தம் 90. காலை ஒன்று, ராத்திரி ஒன்று. முதல் நாள் வரை 35 நாள். செலவாகியிருக்க வேண்டியது 70. இருக்க வேண்டிய இருப்பு 20. எண்ணினேன். பிரிக்காத அட்டை நாலு, பிரித்த அட்டையில் இரண்டு. இருப்பு 62. அதிக இருப்பு 42. அதாவது இருபத்தொரு நாள். அத்தை சொன்ன அதே மூணு வாரம்.

மனுஷர் டீயைப் பிடித்த அன்றே மாத்திரையை விட்டுவிட்டார்.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பழமொழி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே ஆவாரம்பூவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, சர்க்கரை குறைவதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் என் மாமனார் எலி இல்லை. எழுபது வயசு, பன்னிரண்டு வருஷச் சர்க்கரை, இந்த நிலைமையில் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூவை மட்டும் குடிக்கச் சொல்லி எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை.

இதைவிட என்னை உலுக்கியது வேறு. நான் எதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாலும் அவர் குடித்திருப்பார். வழியில் பாட்டி மட்டும் வராமலிருந்தால் அந்த வேட்டியில் காய்ந்துகொண்டிருப்பது காயும் பூவுமாகப் பேயாவரை. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் வருஷா வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு சின்னக் குழந்தைகள் மயங்கி விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். விளையாடும்போது பேயாவரைக் கொட்டையைத் தின்றதுதான் காரணமாக இருக்கும் என்று 2007-ல் வெளியான டாக்டர்களின் ஆய்வுகள் சொல்லின. பேயாவரையையும் மருந்தாக உபயோகிக்கிற வைத்தியர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு அளவு தெரியும். என்ன செடி என்றும் தெரியும்.

எப்படிச் சொல்வது? எட்டு வருஷத்தில் முதல் தடவையாக இன்றைக்குக் காலையில்தான் வாய் திறந்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் "நீங்க மாத்திரை சாப்பிடறதில்லை, அத்தையிடம் மறைத்திருக்கிறீர்கள்" என்று போய் நின்றால், அடுத்த பேச்சுவார்த்தைக்கு இன்னும் எட்டு வருஷம் ஆகும். மனைவியிடம் சொன்னால் பண்டிகை நாளில் ஒரே அழுகை, ரகளை. சேனலில் அனுப்புகிற சமாச்சாரமா இது?

பில்லைத் திருப்பி, பின்பக்கம் எழுதினேன். கொள்முதல் 90. செலவு 70. இருக்க வேண்டியது 20. கை இருப்பு 62. வித்தியாசம் 42. கீழே இரட்டைக் கோடு போட்டேன். திண்ணையில் காப்புக் கட்டிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நானும் ஒரு கொத்தை எடுத்துக் கட்ட ஆரம்பித்தேன்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முப்பது வருஷம் கணக்கு எழுதிய மனுஷர். மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் படித்தார். நான் வேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகு நேரம் கழித்து, "கூட்டல் சரியாத்தான் இருக்குது" என்றார்.

அப்புறம் பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அவகிட்டச் சொல்ல வேண்டாங் மாப்பிள்ளை. பொங்கல் போகட்டும்."

"டாக்டரைப் பார்க்கணும் மாமா."

"பாக்கலாங்."

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் இரண்டு பேரும் என் காரில் போனோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 248. டாக்டர் சின்னப் பையன், என் வயசுதான் இருக்கும். என் மாமனாரைத் திட்டின திட்டு இருக்கிறதே, சங்கத்தில் ஆடிட்டர்கூட அவரை அப்படிக் கேட்டிருக்க மாட்டார். "பூ குடிக்கிறதுன்னா என்கிட்டச் சொல்லிட்டுக் குடிங்க. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். வரும் வழியில் மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. நெடுஞ்சாலை நடுவில் அந்த மணி மணியான மஞ்சள் பூ வந்தபோது மட்டும் கையை நீட்டி, "இதுதானுங்களே உங்க ஆவாரை?" என்றார்.

மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள்.

2025 போகிக்கு நான் கேட்காமலே மஞ்சப்பை என் கைக்கு வந்தது. நேரே பாட்டி காட்டிய சுக்கான் மேட்டுக்குப் போய்ப் பறித்து வந்தேன். மாமனார் பையைத் திண்ணையில் கொட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கொத்தாக எடுத்து, பூவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இலைக் காம்பின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தார். பாங்க் கேஷியர் ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாரே, அதே மாதிரி. கடைசிக் கொத்துவரை காது இருந்தது. மாடத்திலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் பக்கமாகத் தள்ளினார். எண்ணினேன். சரியாக இருந்தது.

திருப்தியாக நிமிர்ந்து, சமையலறைப் பக்கம் திரும்பி, மகளைக் கூப்பிட்டார்.

"அவரு காப்பி குடிக்கறாரான்னு கேளு."